புதையுண்ட ஓடைகள்

பெங்களூரு நகரின் நடுவே, மெஜஸ்டிக் என்று மக்கள் வழங்கும் கெம்பேகௌடா பேருந்து நிலையம் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடிச் சென்றோர் பலர் அந்நகரில் முதன்முதலாகக் கால்வைத்த இடம் அதுவே. அந்நிலம் முன்பு தர்மாம்புதி என்னும் ஏரியாக இருந்தது. கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கும் நிலம் சம்பங்கி ஏரியின் படுகை. கோரமங்கலாவில் தேசிய விளையாட்டுப் போட்டிக்காக 1990களில் அடுக்ககங்கள் எழுந்த இடமும் ஓர் ஏரியே.

ஏரிகள் மறைந்த கதை பலரும் அறிந்தது. அவ்வேரிகளை ஒன்றோடொன்று இணைத்த ஓடைகள் எங்குப் போயின என்று கேட்போர் குறைவு. உண்மையில் அவை எங்கும் போகவில்லை. சாலைகளுக்கும் கடைகளுக்கும் கீழே, கான்கிரீட் மூடிகளின் அடியில், இன்றும் அதே சரிவில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தின் முகட்டில் அமைந்த நகரம். பேராறு எதுவும் அதன் ஊடே பாய்வதில்லை. பெய்யும் மழையே அதன் செல்வம். முகட்டின் மேற்கே விழும் மழைநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து, காவிரியில் கலக்கிறது. கிழக்கே விழும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணைக்குச் செல்கிறது. இந்நீரை வீணாக்காமல் தேக்கி வைக்க முன்னோர் சரிவு நெடுகிலும் ஏரிகளை வெட்டினர். மேலேரி நிரம்பினால் அதன் மிகைநீர் கால்வாய் வழியே கீழேரிக்கு இறங்கும். அப்பெருங்கால்வாய்களைக் கன்னட மக்கள் ‘ராஜகாலுவே’ என்பர். நம் ‘கால்வாய்’ என்னும் சொல்லின் உறவை ‘காலுவே’யில் எளிதாகக் காணலாம்.

ஓர் ஓடை ஒரே நாளில் புதைக்கப்படுவதில்லை. முதலில் ஒரு வீட்டின் கழிவுநீர் அதில் விடப்படும். பிறகு ஒரு தெருவின் கழிவுநீர் சேரும். நாற்றம் எழும், கொசு பெருகும். ஓடை என்ற பெயர் போய்ச் சாக்கடை என்ற பெயர் வரும். சாக்கடையை மூடுமாறு கேட்பது யாருக்கும் குற்றமாகத் தோன்றாது. மூடிய பின் மேலே கிடைக்கும் இடம் சாலையாகவோ வண்டி நிறுத்தமாகவோ மாறும். இவ்வரிசையில் உண்மையான திருப்பம் கான்கிரீட் மூடி போடும் நாளன்று. பெயர் மாறும் நாளே.

பெயர் மாற்றம் எவ்வளவு மறதியை உண்டாக்கும் என்பதற்கு இந்தியப் பெருநகரங்கள் பலவும் சான்று தரும். தில்லியில் நஜஃப்கர் நாலா எனப்படுவது, இராசத்தானத்தின் ஆரவல்லிக் குன்றுகளில் தோன்றும் சாகிபி ஆற்றின் வழித்தடம். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று கரை கடந்து வீடுகளில் புகுந்த நீர்வழியை அதுவரை ‘நாலா’ என்றே அறிந்திருந்த பலர், அது மித்தி என்னும் ஆறு என்பதை வெள்ளத்திற்குப் பின்னரே உணர்ந்தனர்.

மூடிய ஓடை ஏன் வெள்ளத்தைத் தருகிறது? இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். பெங்களூருவில் பலரும் வாங்கும் மனையின் அளவு முப்பதுக்கு நாற்பது அடி. அதாவது ஏறத்தாழ 111 சதுர மீட்டர். அம்மனை முழுவதும் கட்டடமும் சிமெண்டுத் தரையுமாக இருந்து, ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், 5,500 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் அவ்வொரு மனையிலிருந்து தெருவிற்கு வரும். ஏறத்தாழ ஒரு சிறிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு அது. அதே வீட்டார் கோடையில் அதே அளவு நீரை லாரிக்காரரிடம் விலைகொடுத்து வாங்குவது தனிக் கதை.

முன்பு அம்மனை வயலாகவோ தோப்பாகவோ இருந்தபோது, நீரின் பெரும்பகுதியை மண் உறிஞ்சிக்கொண்டது. எஞ்சிய நீர் புல்லிலும் வேரிலும் தடுக்கித் தடுக்கி, மணிக்கணக்கில் மெல்ல ஓடையை அடைந்தது. இன்று ஆயிரம் மனைகளின் நீர் சில நிமிடங்களில் ஒருசேர வந்து விழுகிறது. திறந்த ஓடையாயின் நீர் ஏறும்போது கரையோரம் பரவ இடம் இருக்கும். மூடிய ஓடைக்குக் கரை இல்லை, கூரை உண்டு. கூரையைத் தொட்ட நீர் அழுத்தம் பெற்று, பாதாளச் சாக்கடையின் மூடிகளைத் தூக்கியெறிந்து வெளிவருகிறது. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலைப் பகுதி மூழ்கியபோது, தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்ற காட்சியை நாடே கண்டது.

எனவே, மூடியை உடைத்தால் மட்டும் ஓடை மீளாது. அதற்கு நீர் வந்துசேரும் விதம் முதலில் மாறவேண்டும். விழுந்த இடத்திலேயே மழையைத் தாமதப்படுத்தி, இயன்றவரை உறிஞ்சச் செய்து, மிச்சத்தை மட்டும் ஓடைக்கு அனுப்பும் ஏற்பாட்டை நீடித்த வடிகால் முறை என்பர். இதற்குப் பெரும் பொறிகள் தேவையில்லை. கூரைநீர் இறங்கும் உறிஞ்சுகுழி, சாலையோரத்தில் சற்றே தாழ்வாக அமைத்த புல்வாய்க்கால், இடையிடையே மண் தெரியுமாறு பதித்த கல்தளம், மழைக்காலத்தில் குளமாகவும் மற்றக் காலத்தில் விளையாட்டுத் திடலாகவும் பயன்படும் தாழ்நிலம் ஆகியவையே அதன் உறுப்புகள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பெங்களூருவில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மனையின் பரப்பைக் கொண்டு இக்கடமையை விதித்தது. அவ்விரண்டும் நிலத்தடி நீரை எண்ணி எழுந்தவை. ஆயினும் ஓடைக்கும் அவையே முதல் மருந்து.

இம்முறையையும் ஓடை மீட்பையும் இணைத்து, ஆரவாரமின்றி நெடுங்காலம் செயல்பட்ட நகரம் சுவிட்சர்லாந்தின் சூரிச். ஏரிக்கரையில் அமைந்த அந்நகரின் இருபுறமும் குன்றுகள் உள்ளன. குன்றுகளிலிருந்து பல சிற்றோடைகள் இறங்கி வந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1980 வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீள ஓடைகள் குழாய்களில் அடைக்கப்பட்டுப் பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்பட்டன.

இதனால் எழுந்த சிக்கல் வெள்ளம் மட்டுமன்று. குன்றிலிருந்து இறங்கிய தூய நீரும், நகரெங்கும் உள்ள 1,200க்கும் மேற்பட்ட பொது நீரூற்றுத் தொட்டிகள் பலவற்றிலிருந்து வழிந்த நீரும் கழிவுநீரோடு கலந்து, சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்தன. அழுக்கே இல்லாத நீரைச் சுத்திகரிக்கப் பணம் செலவாயிற்று. அன்றியும், கழிவை உண்டு நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்கள், கழிவு மிகவும் நீர்த்துக் குளிர்ந்துவிட்டால் செவ்வனே வேலை செய்வதில்லை. இவ்வாறு சாக்கடையில் புகும் தூய நீருக்கு அந்நாட்டுப் பொறியாளர் இட்ட பெயர் ‘அயல்நீர்’ என்னும் பொருளுடையது. அப்பள்ளத்தாக்கிலேயே பிறந்த நீர் அயல்நீர் எனப்பட்டது வியப்பே. குழாய்க்குத்தான் அது அயல். அந்த மண்ணுக்கு அன்று.

1988ஆம் ஆண்டு சூரிச் நகர மன்றம் ஓடைத் திட்டம் ஒன்றினை ஏற்றது. தூய நீரைச் சாக்கடையிலிருந்து பிரித்து, மீண்டும் மண்ணின்மேல் ஓடவிடுவதே அதன் நோக்கம். பழைய வழித்தடம் முழுவதையும் மீட்பது என்று தொடங்கியிருந்தால் நகரில் பாதியை இடிக்க நேர்ந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. இடம் கிடைத்த பூங்காவில் ஓடை வளைந்து நெளிந்து அகன்று ஓடியது. இடம் இல்லாத தெருவில், வீட்டு வாயில்களை ஒட்டிய குறுகிய வாய்க்காலாக ஒடுங்கிற்று. ஆல்பிஸ்ரீடன் என்னும் பகுதியில் ஊரோடை இன்று குடியிருப்புத் தெருவின் ஓரமாகவே செல்கிறது. பழைய தடத்தில் கட்டடம் நின்றால் ஓடை பக்கத்துத் தெருவுக்கு வழிமாறியது. இவ்வாறு சிறிது சிறிதாக 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஓடைகள் வெளிச்சத்தைக் கண்டன. மேலே நீரைத் தாமதப்படுத்தும் பணியும் உடன் நடந்தது. பயன்பாடற்ற தட்டைக் கூரைகளில் புல்பூண்டு வளர்க்கவேண்டும் என்ற விதி சூரிச்சில் 1991 முதல் உள்ளது.

கொரிய நாட்டின் தலைநகர் சியோல் இதற்கு நேர்மாறான வழியில் உலகப் புகழ் பெற்றது. அங்கு நகர நடுவே ஓடிய சொங்கேசொன் ஓடையின் கரையில், கொரியப் போருக்குப் பின் வந்து குவிந்த ஏழை மக்கள் குடிசை அமைத்தனர். ஓடை சாக்கடையாயிற்று. 1958 முதல் அது மூடப்பட்டது. பின்னர் அதன்மேல் உயர்மட்டச் சாலையும் எழுந்தது. 2003 ஜூலையில் அச்சாலையை இடிக்கத் தொடங்கினர். 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் நீள ஓடை மக்களுக்குத் திறக்கப்பட்டது. கோடையில் அதன் கரை, சற்றுத் தொலைவிலுள்ள சாலையைவிட 3 முதல் 6 பாகை வரை குளிர்ந்திருப்பதாக அளந்தறிந்தனர். மீனும் பறவையும் திரும்பின. எனினும் அவ்வோடையில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஓடைக்கு உரியதன்று. ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்க இரயில் பாதைகளில் ஊறும் நிலத்தடி நீரிலிருந்தும் நாள்தோறும் ஏறத்தாழ 1,20,000 டன் நீரை மின்பொறிகள் இறைத்துத் தருகின்றன. மேட்டில் மண் மூடிக் கிடக்க, கீழே ஓடையை மட்டும் திறந்ததன் விளைவு இது. அழகிய பணிதான், ஆனால் பொறி நின்றால் ஓடையும் மெலிந்துவிடும். இந்திய நகராட்சிகள் தம் திட்ட அறிக்கைகளில் சியோலின் படத்தை விரும்பி அச்சிடுகின்றன. அவை பயில வேண்டிய பாடம் சூரிச்சில்தான் மிகுதியாக உள்ளது.

இனி, சட்டத்தின் பங்கைக் காண்போம். ஓடையின் கரையிலிருந்து எவ்வளவு தொலைவுக்குக் கட்டடம் கூடாது என்பதே இதில் நெடுநாளைய வழக்கு. பெங்களூருவின் 2015ஆம் ஆண்டுக்கான முழுமைத் திட்டம் ஏரிக்கு 30 மீட்டர் என்றும், ராஜகாலுவேக்கு அதன் தரத்திற்கேற்ப 50, 25, 15 மீட்டர் என்றும் விளிம்புநிலம் வகுத்தது. கால்வாய்க்கான தொலைவு அதன் நடுவிலிருந்து அளக்கப்படும். 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை ஏரிக்கு 75 மீட்டராகவும், கால்வாய்களுக்கு 50, 35, 25 மீட்டராகவும் உயர்த்தி, கரையிலிருந்தே அளக்குமாறு ஆணையிட்டது. திட்டச் சட்டத்தின்கீழ் வகுத்த விதியைத் தீர்ப்பாயம் மாற்ற இயலாது என்று 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. மூன்றாண்டுகள் நகரம் முழுவதும் இவ்வெண்களைப் பற்றியே பேசிற்று. அவ்விளிம்புநிலத்தில் என்ன இருக்கவேண்டும், அதில் விழும் நீர் எவ்வளவு நேரம் தங்கவேண்டும் என்ற பேச்சு எழவே இல்லை.

சுவிட்சர்லாந்தின் விதி வேறு விதமாக எழுதப்பட்டது. 1991ஆம் ஆண்டு நீர்ப் பாதுகாப்புச் சட்டம் நீரோடைகளை மூடுவதைத் தடை செய்கிறது. சாலை குறுக்கிடும் இடம், வயல்வழி கடக்கும் இடம் முதலான சில விலக்குகளை மட்டும் அது பெயர் சொல்லி அனுமதிக்கிறது. மாசுபடாத நீரை மண்ணில் இறக்கவேண்டும். மண் ஏற்காவிடில் மட்டுமே ஓடையில் விடலாம். அப்போதும் இயன்றவரை தேக்கி, மெல்ல விடவேண்டும் என்றும் கூறுகிறது. குழி வெட்டுவதா, குட்டை அமைப்பதா என்பது மனைக்காரரின் விருப்பம்.

2011இல் வந்த விதியோ ஓடைக்கு விடவேண்டிய இடத்தை அவ்வோடையின் இயல்பான அகலத்தைக் கொண்டே கணக்கிடுகிறது. படுகை 2 மீட்டருக்குக் குறைவாயின் மொத்தம் 11 மீட்டர் இடம் வேண்டும். 2 முதல் 15 மீட்டர் வரையாயின், அகலத்தின் இரண்டரை மடங்கோடு 7 மீட்டர் சேர்க்கவேண்டும். 4 மீட்டர் ஓடைக்கு 17 மீட்டர் என்று மாணவர் எவரும் கணக்கிட்டுவிடலாம். நெருக்கமாகக் கட்டடங்கள் உள்ள இடத்தில் இவ்வளவை இடத்திற்கேற்பக் குறைத்துக்கொள்ளவும் இசைவு உண்டு. ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பு குறையக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை.

நெகிழ்வான விதி என்பது இதுவே. வழி பலவாகலாம், அடையவேண்டிய பயன் ஒன்றே. நம் நாட்டில் நெகிழ்வு என்ற சொல்லைச் சலுகை என்ற பொருளில் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. செல்வாக்குடையவர் கேட்டால் மீட்டர் குறையும், ஏனையோருக்குக் குறையாது. அது நெகிழ்வன்று.

விறைப்பான விதியும் ஏழையையே முதலில் தாக்கும். பிழைக்க வந்தவர்க்கு மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் தாழ்நிலம். தாழ்நிலம் என்பது ஓடைக்கரை. 2016இலும் 2022இலும் பெங்களூருவில் ராஜகாலுவே ஆக்கிரமிப்புகளை இடிக்க இயந்திரங்கள் வந்தன. உரிய அனுமதி பெற்றே வீடு கட்டியதாகச் சிலர் பத்திரங்களைக் கையில் ஏந்தி முறையிட்டனர். ஓடையின் பழைய கோடு வரைபடத்தில் செல்லும் இடமெல்லாம் இடிப்பது என்றால் இத்துயரம் ஓயாது. சூரிச்சில் செய்தது போல, ஓடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றலாம். மேட்டிலுள்ள பெரிய வளாகங்களில் நீரைத் தேக்கிக் கீழே வரும் அளவைக் குறைக்கலாம். மேட்டிலிருப்பவர் தம் கூரைநீரைத் தாமே தாங்கிக்கொண்டால், பள்ளத்திலிருப்பவர் வீடு இழக்கும் தேவை பெரிதும் குறையும். இடித்தே தீரவேண்டிய இடங்களும் இருக்கும். அங்கு மாற்றிடம் தந்த பின்பே இயந்திரம் வரவேண்டும்.

அண்மை ஆண்டுகளில், மெஜஸ்டிக் பகுதியில் தொடங்கிச் சாந்திநகர் வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குச் செல்லும் ராஜகாலுவே ஒன்றனைச் சீரமைக்கும் பணி நடந்துள்ளது. மாநகராட்சி வரைபடத்தில் அதன் பெயர் கே-100. அதில் கலந்த கழிவுநீரைத் தனிக் குழாய்களுக்குத் திருப்பி, சுத்திகரித்த நீரை விட்டு, கரையில் மக்கள் நடக்கப் பாதை அமைப்பது திட்டம். இருபுறமும் கட்டடங்கள் நெருங்கி நிற்பதால் அவ்வோடைக்கு மண்கரை கிடைக்கவில்லை; சுவர்களுக்கு இடையில்தான் ஓடுகிறது. ஆயினும், வழக்கமாக அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த மக்கள் நின்று நீரைப் பார்க்கும் நிலை வந்தது சிறிய மாற்றமன்று. கழிவுநீர்க் குழாய்களில் ஒன்றிரண்டு மீண்டும் அதில் திறந்துவிடப்பட்டாலும் இம்மாற்றம் நில்லாது. ஆதலால் திறப்பு விழாவைவிட அன்றாடக் கண்காணிப்பே இங்கு முதன்மையானது.

இவ்வோடையின் தூய்மை பெங்களூரு மக்களின் கவலை மட்டுமன்று. பெல்லந்தூர் ஏரியில் நுரை மலைபோல் எழுந்ததையும், 2017 பிப்ரவரியில் ஏரியின்மேல் தீப் பற்றியதையும் நாளிதழ்கள் எழுதின. அவ்வேரியின் நீர் வர்த்தூர் ஏரியைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, மாநில எல்லையைத் தாண்டி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் வழியாகக் கடலூர் அருகே கடலைச் சேர்கிறது. கெலவரப்பள்ளியின் மதகுகளைத் திறக்கும்போது ஆற்றின்மேல் வெண்ணுரை பொங்கி, கரையோரச் சாலைவரை பரவுவதுண்டு. அந்நீரைத்தான் அப்பகுதி உழவர்கள் வயலுக்குப் பாய்ச்சுகின்றனர். அது எந்த நிறத்தில் வரும் என்பது, எண்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், மெஜஸ்டிக்கின் சாலைக்கு அடியில் எந்தக் குழாய் எந்த ஓடையில் திறக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.